வட்ட முத்திரையில் தமிழ் எழுத்து: கோரல்டிராவா, இங்க்ஸ்கேப்பா?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் வடிவமைப்பும் ரப்பர் ஸ்டாம்பும் செய்து தரும் எங்கள் கடையில் நெடுங்காலம் கோரல்டிரா என்ற வரைகலை மென்பொருளும் யூனிகோடுக்கு முந்தைய பாமினி வகை எழுத்துருக்களுமே புழங்கி வந்தன. சங்கங்கள், அறக்கட்டளைகள், மீனவ கிராமப் பஞ்சாயத்துகள் கேட்கும் வட்ட முத்திரையானாலும், படகின் முகப்பில் ஒட்ட வெட்டும் வினைல் எழுத்தானாலும், வளைகோட்டின் மேல் தமிழ் வரியை ஏற்றும் வேலை வந்துகொண்டே இருக்கும். அந்த ஒரு வேலையை மட்டும் இப்போது முழுமையாக இங்க்ஸ்கேப் என்ற இன்னொரு வரைகலை மென்பொருளுக்கும் யூனிகோடு எழுத்துருவுக்கும் மாற்றிவிட்டேன். ஆகவே இந்த ஒப்பீட்டில் என் சாய்வு இங்க்ஸ்கேப் பக்கமே என்பதை வாசகர் முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. இங்க்ஸ்கேப் இலவசம், கோரல் விலைக்குரியது என்பது எல்லோரும் அறிந்ததே; மாறியதற்கு அது காரணமில்லை.

நேர்வரியில் அழகாக நிற்கும் தமிழ், வட்டத்தில் ஏறியதும் ஏன் சிதைகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் ‘க்’ என்பது ஓர் எழுத்தாக இருப்பதில்லை. ‘க’ ஒரு வடிவம், புள்ளி இன்னொரு வடிவம். அந்தப் புள்ளிக்கெனத் தனி அகலம் கிடையாது. முந்தைய எழுத்து முடியும் இடத்தில் நின்றுகொண்டு, பின்னோக்கிச் சாய்ந்து அதன் தலைமேல் அமர்கிறது. நேர்கோட்டில் இதனால் கேடில்லை. வட்டத்தில் ஏற்றும்போது மென்பொருள் ஒவ்வொரு வடிவத்தையும் அது நிற்கும் இடத்தின் சாய்வுக்கேற்பத் தனித்தனியே திருப்புவதால், ‘க’ ஒரு கோணத்திலும் அதன் புள்ளி வேறொரு கோணத்திலும் நிற்கின்றன. எழுத்துகள் 14 மி.மீ. ஆரமுள்ள வட்டத்தின் மேல் 5 மி.மீ. அகலமும் 4 மி.மீ. உயரமுமாக அமர்கின்றன என்று வைத்துக்கொண்டால், புள்ளி ஏறக்குறைய 0.7 மி.மீ. வலப்புறம் நழுவிவிடும். சிறிய முத்திரையில் அது அடுத்த எழுத்தின் புள்ளியோ என்று ஐயுறும் அளவுக்குப் பெரிய நகர்வு. ‘கொ’ என்பதில் கொம்பு, ககரம், துணைக்கால் ஆகிய மூன்றும் மூன்று பக்கம் சாய்கின்றன. மேல்வளைவில் அவற்றின் தலைகள் விரிந்து இடைவெளி விழுகிறது. கீழ்வளைவில் தலைகள் நெருங்கி ஒன்றோடொன்று முட்டுகின்றன.

இங்க்ஸ்கேப் யூனிகோடு வரியை, எழுத்தின் உறுப்புகளைச் சேர்த்து அமைக்கும் ஹார்ஃப்பஸ் நிரலகத்தின் வழியாக வடிவமைக்கிறது. அதில் ‘க்’, ‘கொ’, ‘கௌ’ ஒவ்வொன்றும் பிரியாத ஒரே தொகுதியாகக் கோட்டின் மேல் ஏறி, ஒரே கோணத்தில் திரும்புகின்றன. புள்ளி நழுவுவதில்லை, கொம்பு விலகுவதில்லை. பழைய எழுத்துருவில் ஒவ்வொரு மெய்யெழுத்தையும் உடைத்துப் புள்ளியைக் கையால் நகர்த்திய வேலை இங்கே முற்றிலும் ஒழிகிறது.

இதே குணம் ஒரு குறையையும் கொண்டுவருகிறது. தொகுதி அகலமாக இருந்தால் அது வளையாமல், வட்டத்தின் மேல் வைத்த அடிக்கோல் போலத் தட்டையாகக் கிடக்கும். நடுப்பகுதி கோட்டைத் தொட, இரு முனைகளும் தூக்கிக்கொண்டு நிற்கும். எவ்வளவு தூக்கும் என்பதை எளிதாகக் கணக்கிடலாம்: எழுத்தின் அகலத்தை அதனாலேயே பெருக்கி, ஆரத்தின் எட்டு மடங்கால் வகுக்க வேண்டும். 14 மி.மீ. ஆரத்தில் 4 மி.மீ. அகல எழுத்து 0.14 மி.மீ. மட்டுமே தூக்கும், கண்ணுக்குத் தெரியாது. ‘ணோ’ போல 9 மி.மீ. அகலத்துக்கு விரியும் தொகுதியோ 0.7 மி.மீ.க்கும் மேல் தூக்கிவிடும். பழைய எழுத்துருவில் உறுப்புகள் தனித்தனியே திரும்புவதால் இந்தத் தூக்கல் குறைவு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அகலம் இருமடங்கானால் தூக்கல் நான்கு மடங்காகும் என்பதால், எழுத்தின் அளவைச் சற்றே குறைத்தாலும் நல்ல பலன் கிடைக்கும். மிக இறுக்கமான வளைவுகளுக்கு அகலம் ஒடுங்கிய எழுத்துருவைத் தேர்ந்தெடுப்பேன்; அதுவும் போதாவிட்டால் அச்சுப் பிரதியில் மட்டும் அந்த ஓர் எழுத்தைக் கோடாக மாற்றி முனைகளைத் தாழ்த்துவேன்.

வட்டத்தின் மேற்பாதிக்கும் கீழ்ப்பாதிக்கும் இரண்டு மென்பொருள்களிலும் வழி உண்டு. கோரலில் வரியைக் கோட்டின் மேல் ஏற்றும் ‘ஃபிட் டெக்ஸ்ட் டு பாத்’ கட்டளையைக் கொடுத்தபின், கீழ்வரிக்கு மேல்பட்டையிலுள்ள இரண்டு மிரர் பொத்தான்களையும் அழுத்திக் கோட்டிலிருந்து தூரத்தைச் சரிசெய்தால் போதும்; இந்த இடத்தில் கோரலே விரைவானது. இங்க்ஸ்கேப்பில் வரியை முதலில் நடுச்சீராக்கிவிட்டுப் பிறகுதான் அதே வேலையைச் செய்யும் ‘புட் ஆன் பாத்’ கொடுக்க வேண்டும். வட்டத்தின் தொடக்கப்புள்ளி வலக்கோடியில் இருப்பதால், அவ்வாறு ஏற்றிய வரி இடக்கோடியை மையமாகக் கொண்டு அமரும்; வட்டத்தை மட்டும் 90 பாகை வலஞ்சுழியாகத் திருப்பினால் வரி உச்சிக்கு வந்துவிடும். ஏற்றிய பிறகு நடுச்சீராக்கினால் முன்பாதி எழுத்துகள் கோட்டின் தொடக்கத்துக்கு வெளியே போய் மறையக்கூடும். கீழ்வரிக்கு எழுத்தின் உயரமளவு ஆரம் கூடிய இன்னொரு வட்டம் வரைந்து, அதைப் பாதையாக மாற்றி, அதன் திசையைத் திருப்ப ‘ரிவர்ஸ்’ கொடுத்து, வரியை ஏற்றி, இடஞ்சுழியாக 90 பாகை திருப்ப வேண்டும். ‘கு’, ‘ழு’, ‘ளு’ போன்றவை கோட்டுக்குக் கீழே இறங்குவன என்பதால், கீழ்வரியில் அவை வெளிவளையத்தை இடிக்காமலிருக்க அந்த ஆரத்தைச் சிறிது குறைத்துக்கொள்வது நலம்.

வட்டத்தை அழித்துவிட்டால் இங்க்ஸ்கேப்பில் வரி மீண்டும் நேராகிவிடும். கோரலில் கோட்டைப் பிரித்து அழித்தாலும் வளைவு நிலைத்திருக்கும். இங்க்ஸ்கேப் பயன்படுத்துவோர் வட்டத்தை அழிக்காமல் அதன் கோட்டு நிறத்தை மட்டும் நீக்கிவிட வேண்டும். எந்த வரி எந்தக் கோட்டின் மேல் இருக்கிறது என்பது பிறகு மறந்துபோனால், வரியைத் தேர்ந்து ஷிப்ட் விசையையும் D விசையையும் சேர்த்து அழுத்தினால் மறைந்திருக்கும் கோடு தேர்வாகும். கோட்டைவிட வரி நீண்டால் மிச்ச எழுத்துகள் காணாமல் போகும். அப்போது தேட வேண்டியது எழுத்துருவை அல்ல, கோட்டின் நீளத்தை.

இவையெல்லாம் ஒருமுறை பழகினால் தீர்ந்துவிடுகிற தொல்லைகள். என்னை மாறச் செய்தது, பழைய கோப்பைத் திறந்து ஒரு சொல்லை மாற்றும் வேலை. முத்திரை ஒருமுறை செய்தால் முடிந்துபோகும் பொருளன்று. 1993இல் தென்னாற்காடு மாவட்டம் பிரிந்தது. 2006இல் பாண்டிச்சேரி என்ற அலுவல் பெயர் புதுச்சேரி ஆனது. 2019இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. இவை தவிர சங்கப் பதிவு எண் மாறும், முகவரி மாறும். ஆண்டுகள் கழித்து அதே வாடிக்கையாளர் வந்து, ‘ஊர்ப் பெயரை மட்டும் மாத்திக் குடுங்க, மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும்’ என்பார். அப்போது கோப்பு திறக்க வேண்டும், திறந்த கோப்பில் எழுத்து எழுத்தாகவே இருக்க வேண்டும்.

கோரல் கோப்பில் இரண்டு இடையூறுகள் ஒன்றுசேர்கின்றன. புதிய பதிப்பில் சேமித்த கோப்பு பழைய பதிப்பில் திறக்காது. ஒரே தெருவிலுள்ள கடைகளில்கூட வெவ்வேறு பதிப்புகள் இருப்பதால் கோப்பு கைமாறும்போதெல்லாம் இது தலைகாட்டும். அடுத்து, பாமினி எழுத்துரு இல்லாத கணினியில் அந்த வரி ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த குப்பையாகத் தெரியும். அங்கே என்ன எழுதியிருந்தது என்பதைப் படிக்கவே முடியாது. இதற்கு அஞ்சியே பெரும்பாலானோர் எல்லாவற்றையும் கர்வாக, அதாவது எழுத்தாகத் திருத்த முடியாத வெறும் கோட்டு வடிவமாக, மாற்றிச் சேமிக்கிறார்கள். கர்வாக மாறிய வரியில் ‘பாண்டிச்சேரி’யை ‘புதுச்சேரி’ ஆக்க வேண்டுமானால் முத்திரையையே மறுபடி அமைக்க வேண்டியதுதான்.

இங்க்ஸ்கேப் சேமிக்கும் எஸ்விஜி என்பது வெறும் உரைக்கோப்பு. நோட்பேடில் திறந்தாலும் வட்டத்தின் மேலுள்ள தமிழ் வரியை அப்படியே படிக்கலாம்; சங்கத்தின் பெயரைக் கொண்டு கோப்புறை முழுவதும் தேடிப் பழைய கோப்பைக் கண்டெடுக்கலாம். எழுத்துரு இல்லாவிட்டாலும் வேறொரு தமிழ் எழுத்துருவில் வரி வாசிக்கும்படி நிற்கும். நடுச்சீராக ஏற்றிய வரியாதலால், சொல் குறுகினாலும் நீண்டாலும் அது தானாகவே மையத்தில் அமர்ந்துகொள்ளும். அச்சுக்குப் பிடிஎஃப் எடுக்கும்போது ‘எழுத்தைப் பாதையாக மாற்று’ என்ற தெரிவைக் கொடுத்தால் அச்சகத்துக்குக் கோடுகளும் நமக்கு உயிருள்ள எழுத்தும் கிடைக்கின்றன. கோரலிலும் பிடிஎஃப் எடுக்கையில் இத்தகைய தெரிவு உண்டு. புதிய பதிப்போடு யூனிகோடு எழுத்துருவையும் சேர்த்துப் பயன்படுத்துவோருக்கு நான் சொன்ன குறைகளில் ஒரு பாதி தீர்ந்துவிடும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

புதுச்சேரி வாடிக்கையாளர்களால் இன்னொரு நன்மையும் கண்டேன். தமிழும் பிரெஞ்சும் ஒரே வட்டத்தில் வேண்டும் என்பவர்கள் அங்கே உண்டு; மாகே கிளைக்கு மலையாளம், ஏனாம் கிளைக்குத் தெலுங்கு என்று கேட்பவர்களும் வரலாம். பாமினி வகையில் ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழ் உட்கார்ந்திருப்பதால் சொல்லுக்குச் சொல் எழுத்துருவை மாற்றியாக வேண்டும். யூனிகோடில் பிரெஞ்சு மேற்குறிகளோடு எல்லாம் ஒரே வரியில் சேரும்.

மூன்றாவது வரைகலை மென்பொருளான இல்லஸ்ட்ரேட்டரில் என் பழக்கம் குறைவு. நண்பர்களின் அலுவலகங்களில் தொட்டுப் பார்த்த அளவே. அங்கே தமிழ் உடைந்து தெரிந்தால் பத்திப் பலகத்தில் ‘வேர்ல்டு ரெடி கம்போசர்’ என்பதற்கு மாற்ற வேண்டும். வரியின் நடுவிலுள்ள சிறு கோட்டை இழுத்து இடத்தை நகர்த்துவது மிகவும் எளிது. வரி கோட்டைவிட நீண்டால் சிவப்புக் கூட்டல் குறி காட்டி எச்சரிக்கும் வசதி இங்க்ஸ்கேப்பிலும் இருந்திருக்கலாம் என்று எண்ணியதுண்டு. சந்தா கட்டியே பயன்படுத்த வேண்டும் என்பதால் சிறு கடைக்கு அதை நான் பரிந்துரைக்கவில்லை.

கோரலை நான் நீக்கிவிடவில்லை. அச்சுக்குரிய நான்கு வண்ணக் கட்டுப்பாட்டில் இங்க்ஸ்கேப் பின்தங்கியே இருப்பதால் பிளெக்ஸ், பல வண்ண அழைப்பிதழ் ஆகியவை கோரலிலேயே நடக்கின்றன. எங்கள் வினைல் வெட்டும் இயந்திரமும் அதிலிருந்தே இயங்குகிறது. வளைந்த தமிழ் வரியை இங்க்ஸ்கேப்பில் அமைத்துக் கோடுகளாகப் பிடிஎஃப் எடுத்து, கோரலுக்குள் கொண்டுவந்து மற்றவற்றோடு சேர்க்கிறேன். ஒவ்வொரு வாடிக்கையாளரின் கோப்புறையிலும் எஸ்விஜியோடு அதில் பயன்படுத்திய எழுத்துருவையும் வைத்துவிடுகிறேன். நோட்டோ சான்ஸ் தமிழ், மீரா இனிமை, காட்டமரன் போன்றவை திறந்த உரிமத்தில் கிடைப்பதால் அவற்றைப் படியெடுத்து வைக்கத் தடையேதுமில்லை.