டீக்கு மூன்றரை நட்சத்திரம், பெஞ்சுக்கு ஐந்து: சேவூர் சாலை பேக்கரி

அவிநாசியிலிருந்து சேவூர் போகும் சாலையில், ஒரு வளைவை ஒட்டி இருக்கும் இந்தப் பேக்கரியின் பெயரை எழுத வேண்டாம் என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. வாசலில் இரண்டு நீள பெஞ்சுகளும் ஒரு புங்கை மரமும் இருப்பதைக் கொண்டு அடையாளம் கண்டுகொள்ளலாம். தரைப்படையில் 24 ஆண்டுகள் இருந்து, ஹவில்தாராக ஓய்வுபெற்று ஊர் திரும்பிய 2018 முதல், வெளியூர் போகாத நாளெல்லாம் காலை ஆறு மணிக்கு நான் டீ குடிக்கும் இடம் இது.

முதலில் பண்டங்களைப் பார்த்துவிடலாம். டீ 15 ரூபாய். பால் பக்கத்துத் தோட்டத்திலிருந்து கறந்த சூட்டோடு வருவதால் காலை டீ நன்றாக இருக்கும். பத்து மணிக்கு மேல், வடிகட்டும் பையில் கிடக்கும் பழைய தூளிலேயே மறுபடி ஊற்றுவதால் கசப்பு ஏறிவிடுகிறது. கேட்டால் புதுத் தூள் போடுகிறார்கள், ஆனால் ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டியிருக்கிறது. தேங்காய் பன் ஐந்தரை மணிக்கு அடுப்பிலிருந்து இறங்குகிறது. பூரணத்தில் கலர் போட்ட பழத்துண்டுகளை அள்ளிக் கொட்டாமல், துருவிய தேங்காயோடு ஏலக்காய் மட்டும் சேர்த்திருப்பார்கள். பிய்க்கும்போது ஆவி வரும், விரலில் எண்ணெய்ப் பசை ஒட்டும். முட்டை பப்ஸை மதியத்துக்கு மேல் வாங்க வேண்டாம். மைக்ரோவேவில் சூடாக்கித் தருவதால் மேலோடு துவண்டுபோகிறது. கை கழுவும் இடத்தில் சோப்பு இருந்து நான் பார்த்தது எத்தனை நாள் என்று விரல் விட்டு எண்ணிவிடலாம். சில்லறைக்குப் பதிலாக மிட்டாய் கொடுக்கும் வழக்கத்தையும் அவர்கள் விட்டால் நல்லது.

இவ்வளவு குறை சொல்லிவிட்டு இத்தனை ஆண்டுகளாக ஏன் அங்கேயே போகிறேன் என்றால், அந்த பெஞ்சுதான் காரணம். தினமலரும் தினத்தந்தியும் ஆறு மணிக்கு வந்துவிடும். தாள் தாளாகப் பிரிந்து கைமாறும்போதே அரசியல் தொடங்கிவிடும். நான் பழமைவாதி. நாட்டுப் பாதுகாப்பில் விட்டுக்கொடுப்பு கூடாது, இலவசங்களுக்குச் செலவிடுவதை வாய்க்காலுக்கும் சாலைக்கும் செலவிட வேண்டும், வீட்டுக்கும் குலதெய்வத்துக்கும் அடங்காதவன் ஊருக்கும் அடங்க மாட்டான் என்று நம்புகிறவன். எதிர் பெஞ்சில் தி.மு.க. அனுதாபியான ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், அ.தி.மு.க.வில் கிளைப் பொறுப்பில் இருந்த விவசாயி ஒருவர், பனியன் கம்பெனிகளுக்குத் தைத்துக் கொடுக்கும் பவர் டேபிள்காரர் ஒருவர்.

படையில் இருக்கும்வரை இப்படிப் பேச வழியில்லை. 1954ஆம் ஆண்டின் இராணுவ விதிகளில் 20ஆம் விதி கட்சிக் கூட்டங்களில் கலந்துகொள்வதையும், 21ஆம் விதி முன் அனுமதி பெறாமல் அரசியல் விஷயங்களைப் பத்திரிகைக்கு எழுதுவதையும் தடுக்கின்றன. அது சரியான ஏற்பாடு என்பதே இன்றும் என் கருத்து. ஆனால் 24 ஆண்டுகள் வாயைக் கட்டியிருந்தவன் ஊருக்கு வந்து பேசத் தொடங்கியபோது, அணிவகுப்பில் கட்டளையிடும் குரலைத் தவிர வேறு குரல் எனக்கு வரவில்லை. முதல் வாரத்திலேயே உரிமையாளர் டம்ளரை நீட்டியபடி, "மிலிட்டரியண்ணா, இது பரேடு கிரவுண்டுங்களா? உக்காந்து பேசுங்க" என்றார். அன்றிலிருந்து உட்கார்ந்துதான் பேசுகிறேன்.

இந்தக் கடையில் எழுதி ஒட்டாத விதிகள் சில உண்டு. தலைவர்களைத் திட்டலாம், எதிரில் இருப்பவரின் வீட்டையோ சாதியையோ இழுக்கக் கூடாது. குரல் ஏறினால் உரிமையாளர் அடுத்த டீயை ஆற்றத் தொடங்கிவிடுவார். டீ வருகிற நேரத்தில் குரல் தானாக இறங்கும். அந்த டீக்கும் காசு உண்டு.

2024 செப்டம்பரில் கோவையில் நடந்த கூட்டத்தில் உணவக உரிமையாளர் ஒருவர், பன்னுக்கு ஜி.எஸ்.டி. இல்லை, அதற்குள் வைக்கும் கிரீமுக்கு 18 சதவீதம் என்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமனிடம் வேடிக்கையாகக் கேட்டதும், பிறகு அவர் அமைச்சரிடம் தனியாக வருத்தம் தெரிவித்த காணொளி வெளியானதும், அதை வெளியிட்டதற்காக பா.ஜ.க.வின் மாநிலத் தலைவரே வருத்தம் தெரிவித்ததும் எல்லோருக்கும் தெரியும். பேக்கரியில் பன் விவகாரம் என்றால் கேட்கவா வேண்டும்? ஒரு வாரம் பேச்சு ஓயவில்லை. ஆசிரியர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பெரும்பாலும் ஆதரிக்கிற அரசுதான். ஆனாலும் கேள்வி கேட்டவர் வரி கட்டுகிறவர், கேட்ட இடம் அதற்காகவே கூட்டிய கூட்டம், கேட்ட விதத்திலும் மரியாதைக் குறைவு இல்லை என்பதால், வருத்தம் தெரிவிக்க அங்கே ஒன்றுமே இல்லை என்று சொன்னேன். 2025 செப்டம்பர் 22 முதல் கேக், பிஸ்கட் வகைகளுக்கான வரி 5 சதவீதமாகக் குறைந்த அன்று, உரிமையாளர் கால்குலேட்டரில் இரண்டு முறை போட்டுப் பார்த்துவிட்டு, கரும்பலகையில் கிரீம் கேக் துண்டின் விலையை 40 ரூபாயிலிருந்து 36 ரூபாயாகத் திருத்தினார். வரி குறைந்தாலும் விலையைக் குறைக்காத கடைகள் உள்ள ஊரில் இதைத் தனியாகக் குறிப்பிட வேண்டும்.

என் பேச்சு பொய்த்ததும் இதே பெஞ்சில்தான். 2024 நவம்பரில் டிரம்ப் வென்றபோது, உறுதியான ஆள், நமக்கு நல்லது என்று பாராட்டியவன் நான். 2025 ஆகஸ்ட் 27 முதல் நம் சரக்குக்கு அமெரிக்கா 50 சதவீதம் வரி போட்டது. திருப்பூரில் பனியன் ஆர்டர்கள் நின்றன. மறுநாள் காலை பவர் டேபிள்காரர் ஒன்றுமே சொல்லவில்லை. என் டீக்கும் சேர்த்து அவரே காசு கொடுத்துவிட்டுப் போனார். நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

2025 மே மாதம் ஆபரேஷன் சிந்தூர் நடந்த நாட்களில் கடையில் டி.வி. ஓடிக்கொண்டே இருந்தது. பஹல்காமில் ஏப்ரல் 22 அன்று 26 பேரைக் கொன்றதற்குப் பதிலடியாக மே 7 அதிகாலையில் நம் படை ஒன்பது இடங்களைத் தாக்கியபோது என் நெஞ்சு நிமிர்ந்தது உண்மை. ஆனால் அடுத்த நாள் இரவு, கராச்சித் துறைமுகமே எரிகிறது என்கிற அளவுக்குச் சில சேனல்கள் போயின. அது பொய் என்று பின்னர் தெரிந்தது. அன்றைக்கோ பெஞ்சில் கைதட்டல். உரிமையாளர் என்னிடம், "நிசங்களாண்ணா?" என்றார். அமைச்சகம் சொல்லும்வரை எனக்கும் தெரியாது, எல்லையில் நிற்கிற பையனின் அம்மா இதைப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று மட்டும் சொன்னேன். அவர் டி.வி.யை அணைத்து, ரிமோட்டைக் கல்லாப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். மே 10 அன்று சண்டை நிறுத்தம் அறிவித்த பிறகுதான் மறுபடி போட்டார்.

அத்திக்கடவு – அவிநாசித் திட்டம் யாருடையது என்ற சண்டையை இங்கே விரிக்கப் போவதில்லை. 2019இல் ஓர் ஆட்சி அடிக்கல் நாட்டியது, 2024 ஆகஸ்ட் 17 அன்று இன்னோர் ஆட்சி திறந்து வைத்தது, 1,045 குளம் குட்டைகளுக்குத் தண்ணீர் என்பது திட்டம். விவசாயியும் ஆசிரியரும் இன்னும் முடிக்கவில்லை.

எனக்கு விடை கிடைக்காத விஷயம், நான்கு ஆண்டுப் பணிக்குப் படையில் ஆள் எடுக்கும் அக்னிபாத் திட்டம். இந்த ஊர்ப் பையன் ஒருவன், 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் ஓடிப் பழகுவதற்காக விடியற்காலையில் தார்ச்சாலையில் ஓடிவிட்டு, வியர்வை சொட்ட வந்து இரண்டு வேகவைத்த முட்டையும் பாலும் வாங்குவான். "ஏனுங் மாமா, நாலு வருசத்துல திருப்பி அனுப்பிச்சுட்டா அப்புறம் என்னங் பண்றது?" என்று ஒரு நாள் கேட்டான். நால்வரில் ஒருவருக்கு நிரந்தரப் பணி, மற்றவர்களுக்கு வெளியேறும்போது தரும் சேவா நிதியாக ஏறக்குறைய 11.71 லட்சம் ரூபாய் என்ற கணக்கு அவனுக்கே தெரியும். படையை இளமையாக வைத்திருக்க வேண்டும், ஓய்வூதியச் சுமையும் பெரியது என்ற அரசின் வாதங்கள் எனக்கும் புரிகின்றன. இருந்தாலும் காஷ்மீரின் குப்வாராவில் இரவு ரோந்தில் என்னை முன்னால் நடக்கவிட என் செக்‌ஷன் கமாண்டர் எடுத்துக்கொண்டது ஐந்து ஆண்டுகள். அதுவரை என் காலடிச் சத்தத்தின் மேல் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. ஒருவன் தேறி வருகிற நேரத்தில் வீட்டுக்கு அனுப்புகிற திட்டத்தை, நான் ஆதரிக்கிற அரசு கொண்டுவந்தது என்பதற்காக நல்லது என்று சொல்ல முடியவில்லை. "நல்லா ஓடு சாமி, மொதல்ல உள்ள போ" என்றேன். ஆசிரியர் அன்று என்னை மடக்கவில்லை. பையனின் பாலுக்கான காசை மட்டும் கொடுத்தார்.

கடை காலை ஐந்து மணி முதல் இரவு ஒன்பது வரை. ஞாயிற்றுக்கிழமை மதியத்தோடு சரி. வளைவில் லாரிகள் வேகமாகத் திரும்புவதால் வண்டியைப் புங்கை மரத்துக்கு அப்பால் நிறுத்துவது நல்லது. தேங்காய் பன் ஆறரைக்குள் தீர்ந்துவிடும். அரசியல் பேச வருகிறவர்கள் எந்தக் கட்சியானாலும் வரலாம். இடது பெஞ்சில் சுவரோரம் மட்டும் என் இடம்.