மரணத்தைப் படிப்பது: பத்து வார ஆன்லைன் வகுப்பு

அம்மா போன மறுவருஷம் இதில் சேர்ந்தேன். சாவையும் துக்கத்தையும் சமூகம் எப்படிப் பார்க்கிறது என்பதுதான் பாடம்.

மூன்றாவது வாரத்துக்காகவே சேரலாம். மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969-ல் எழுதிய ஐந்து நிலைகள் (மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, கடைசியில் ஏற்பு), சாகும் தறுவாயில் இருந்த நோயாளிகளிடம் பேசிக் கண்டவை. பறிகொடுத்தவர்களின் துக்கத்துக்கு அதைப் பிற்பாடுதான் பொருத்தினார்கள். "நீ இன்னும் ஏத்துக்கலை" என்று சொந்தக்காரர்கள் சொல்லும்போதெல்லாம் குறுகிப்போவேன். அன்றைக்கு அந்தப் பாரம் இறங்கியது.

அடுத்து, துக்கத்தை ஆராய்ந்த ஸ்ட்ரோபும் ஷுட்டும் 1999-ல் முன்வைத்த இரட்டைப் போக்கு. மனசு துக்கத்துக்குள் போகும், அன்றாட வேலைக்குத் திரும்பும், மறுபடி போகும். அம்மாவின் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக் கூட்டில் வைத்த கையோடு கரண்ட் பில் கட்ட உட்கார்ந்தேனே! கல்நெஞ்சம் என்று என்னையே திட்டிக்கொண்ட நாள் அது.

குறை என்றால், சிசிலி சாண்டர்ஸ் பகுதி. 1967-ல் ஹாஸ்பிஸ், அதாவது சாகும் தறுவாயில் இருப்பவர்களைப் பராமரிக்கும் இல்லம், தொடங்கியவர்; வலி உடம்போடு நிற்பதில்லை, மனசும் உறவும் நம்பிக்கையும் சேர்ந்தது என்றவர். அவரை இருபது நிமிஷத்தில் முடித்துவிட்டார்கள். வீடியோக்களின் ஒலியும் சுமார்தான்.

ஆசிரியர் யாரையும் பேசச் சொல்லி வற்புறுத்தவில்லை. ஆனாலும் துக்கம் பச்சையாக இருக்கும்போது சேராதீர்கள். ஒரு வருஷம் கழித்தும், இரண்டாம் வார வகுப்பை நான் பாதியில் மூடிவிட்டேன்.