ஆறு வருடம், ஒரு கட்டுப் படிவம்: போதைச் சிகிச்சையில் கேள்வி கேட்ட அனுபவம்

யாழ்ப்பாணத்தில் ஒரு சின்னப் போதைச் சிகிச்சை நிலையத்தில் உளவளத்துணையாளராக வேலை செய்கிறேன், இந்த ஆவணியோடு ஆறு வருடம். நிலையத்தின் பெயர் வேண்டாம், அங்கே வந்து போகிற ஆட்களுக்காக. புதிதாகச் சேர்ந்த தங்கச்சி ஒருத்தி “எந்தப் படிவத்தை நம்பலாம் அண்ணா” என்று கேட்டாள். வாயால் சொல்லத் தொடங்கி நீண்டுவிட்டது, அதனால் எழுதுகிறேன்.

தொடக்கத்தில் எங்களிடம் இருந்தது ஏஎஸ்ஐ (ASI), போதைப் பழக்கம் எவ்வளவு முற்றியிருக்கிறது என்று கேட்டு அளக்கிற படிவம். அமெரிக்காவில் 1980இல் வந்தது. உடல்நலம், வேலை, மது, போதைப்பொருள், வழக்கு, குடும்பம், மனநிலை என்று ஏழு பகுதி, முடிக்க ஒரு மணித்தியாலம் கிட்டப் பிடிக்கும். நல்ல கருவிதான், குறை சொல்லவில்லை. ஆனால் பருத்தித்துறையிலிருந்து முதல் பஸ்ஸில் தாயோடு வந்து, மூக்கு வடிய, கொட்டாவி விட்டபடி குந்தியிருக்கிற பொடியனிடம் குடும்ப உறவு பற்றி இருபது கேள்வி கேட்டால் அவன் எல்லாவற்றுக்கும் “ஓம்” என்பான். அந்த நேரத்தில் அவனுக்குத் தேவை கவ்ஸ் (COWS), ஹெரோயின் போன்றதை நிறுத்தும்போது உடம்பு படுகிற பாட்டை, அதாவது விலகலை, அளக்கிற படிவம். நாடித்துடிப்பு, வியர்வை, கண்மணி, கொட்டாவி, மயிர்க்கூச்சு என்று 11 விடயத்தைத் தாதி பார்த்துப் புள்ளி போடுவார், 13 வந்தால் நடுத்தர விலகல். ஐந்து நிமிடம் போதும். ஏஎஸ்ஐ ஒரு வருடத்தோடு அலுமாரிக்குள் போய்விட்டது.

குடிப்பழக்கத்தை அளக்க ஓடிற் (AUDIT). உலக சுகாதார நிறுவனத்தின் 10 கேள்வி, மொத்தம் 40 புள்ளி, 8 வந்தாலே கவனிக்கவேண்டும். எங்களுக்கு இடறியது இரண்டாவது கேள்வி: குடிக்கிற நாளில் எத்தனை ‘அளவு’ குடிப்பீர்கள்? ஓர் அளவு என்றால் 10 கிராம் அற்ககோல். வல்லையில் கள்ளுக் குடிக்கிற ஐயாவுக்குக் கிராம் எதற்கு? அவர் “ரெண்டு போத்தல்” என்பார், நாங்களும் முதல் இரண்டு வருடம் 2 என்றே எழுதினோம். வெட்கக்கேடு. 750 மில்லிலீற்றர் கள்ளை 5 சதவீதம் என்று வைத்துப் பார்த்தாலே ஒரு போத்தலுக்கு மூன்று அளவு வருகிறது. சாராயத்தில் கால் போத்தல் கிட்டத்தட்ட ஐந்து. பிறகு கள்ளுப் போத்தல், கால், அரை, பெரிய பியர் எல்லாவற்றையும் படம் பிடித்து, கீழே எண் போட்டு ஓர் அட்டை அடித்தோம். மேசையில் வைத்தால் ஆட்களே விரலால் தொட்டுக் காட்டுகிறார்கள். ஆறு வருடத்தில் நாங்கள் செய்த உருப்படியான வேலை என்றால் அந்த அட்டைதான்.

எல்லாப் போதைக்கும் சேர்த்துக் கேட்கிற அசிஸ்ற்றும் (ASSIST) அதே உலக சுகாதார நிறுவனத்துடையதுதான். எட்டுக் கேள்வி, புகையிலையிலிருந்து ஓப்பியொயிட்வரை ஒவ்வொன்றுக்கும் தனிப் புள்ளி, 27 வந்தால் உயர் ஆபத்து. புதிதாக வருகிற எல்லோருக்கும் இன்றைக்கும் இதைத்தான் போடுகிறோம். கஞ்சா, ஐஸ் (மெத்தம்பெற்றமின்), தூள் (ஹெரோயின்) எல்லாம் அதில் ஒழுங்காக உட்கார்ந்துவிடும், பாக்கும் புகையிலையும் கலந்து மெல்லுகிற மாவாவைப் புகையிலைக்குள் போடுகிறோம். நரம்பு வலிக்குக் கொடுக்கிற பிரகபாலின் குளிசைக்குத்தான் இடமில்லை, ‘வேறு’ என்ற பெட்டிக்குள் தள்ளவேண்டும். பெயரை அருகில் எழுதாவிட்டால் மாத முடிவில் அந்தப் பெட்டிக்குள் என்ன கிடக்கிறது என்று யாருக்கும் விளங்காது. இன்னொன்று, எங்களுக்குக் கிடைத்த மொழிபெயர்ப்பில் ‘வேட்கை’ என்று ஒரு சொல். ஒரு பொடியன், “அப்படியெண்டா பொம்பிளை விசயமோ?” என்று கேட்டான். இப்போது “எடுக்கவேணும் எண்டு மனம் அந்தரப்படுறதோ” என்று கேட்கிறோம். தாய் பக்கத்தில் இருந்தால் பதில் எல்லாம் தாயிடமிருந்துதான் வரும், “அம்மா, வெளியில ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வாங்கோ” என்று அனுப்பிவிட்டுத்தான் தொடங்கவேண்டும்.

என்னை இந்த வேலையில் பிடித்து வைத்தது ரொப் (TOP), சிகிச்சையால் ஆளிடம் என்ன மாறுகிறது என்று பார்க்கிற படிவம். இங்கிலாந்தில் 2007இல் வந்தது, 20 கேள்விதான். கடைசி 28 நாளை நாலு கிழமையாகப் பிரித்து, ஒவ்வொரு கிழமையும் எத்தனை நாள் பாவித்தாய் என்று கேட்கும். மூன்று மாதம் என்றால் ஆட்கள் குத்துமதிப்பாகச் சொல்வார்கள், போன கிழமை என்றால் நாள்நாளாக எண்ணுவார்கள். நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முன்னமா பின்னமா, சம்பளம் எந்தக் கிழமை, வெள்ளிக்கிழமை மச்சம் சாப்பிடாத வீடா என்று ஒவ்வொரு முளையாக அடித்துக்கொண்டு போனால் கணக்கு தானாக வந்து விழும். போன மாதம் 26, இந்த மாதம் 11 என்று அவன் கையெழுத்திலேயே அருகருகே காட்டும்போது சில பேர் தாளை வாங்கித் திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள். நான் பேசாமல் இருந்துவிடுவேன்.

ரொப்பிலும் இடறல் உண்டு. உடல்நலத்தையும் மனநிலையையும் 0 முதல் 20வரை மதிப்பிடச் சொல்லும். ஒரு ஐயா எப்போதும் 7 என்பார். ஏன் என்று கேட்டால், “நூற்றுக்கு 35 எண்டா பாஸ் தானே தம்பி.” குற்றம் பற்றிய பகுதியை நீதிமன்றம் அனுப்புகிற ஆட்களிடம் நான் கேட்பதில்லை. கேட்டாலும் உண்மை வராது, அடுத்த முறை ஆளும் வராது. மேலிடத்துக்கு அந்த நிரல் வெறுமையாகப் போவதில் கோபம், இருக்கட்டும்.

தாளிலிருந்து கோபோ (KoboToolbox) என்ற படிவம் நிரப்பும் செயலிக்கு மாறியது நாலாம் வருடம். படிவத்தைத் தமிழிலேயே வைக்கலாம், சிக்னல் இல்லாத இடத்திலும் நிரப்பலாம், காசும் இல்லை. நெடுந்தீவுக்குக் குறிகட்டுவானில் படகேறிப் போகிற நாட்களில் அதுதான் கைகொடுத்தது. ஆனால் நிரப்பியதை உடனே அனுப்பாமல் வைத்திருந்த ஒரு பழைய ரப் (ரப்லெற் கணினி) செத்துப்போய், பதினொரு பேருடைய படிவம் அதோடு போய்விட்டது. பிழை செயலியில் இல்லை, என்னில்தான். அதற்குப் பிறகு ஜெற்றியில் இறங்கியதும் முதல் வேலை அனுப்புவதுதான், தேத்தண்ணி அதற்குப் பிறகு.

பெயருக்குப் பதிலாக முதலெழுத்தும் பிறந்த திகதியும் சேர்த்துக் குறியீடு வைத்தோம். தகப்பன் பெயர் முன்னுக்கா பின்னுக்கா என்று ஆளுக்கு ஆள் மாற்றி எழுதியதில், ஒருவரே இரண்டு பேராகப் பதிவாகி எங்கள் எண்ணிக்கை ஏறிவிட்டது. இப்போது தகப்பன் பெயரின் முதலெழுத்து கட்டாயம் முன்னுக்கு என்று சுவரில் ஒட்டியிருக்கிறது.

தங்கச்சிக்குச் சொன்னது இவ்வளவுதான்: வரும்போது அசிஸ்ற், மாதாமாதம் ரொப், குடிகாரருக்கு ஓடிற்றோடு அட்டை. அட்டையை அடுத்த முறை அடிக்கும்போது பியர் ரின்னையும் சேர்க்கவேண்டும், இப்போது போத்தல் மட்டும்தான் இருக்கிறது.