வண்டிக்குள் மழைத்தண்ணீர்: கசிவை அடைப்பதாகச் சொல்லி வடிகாலை அடைத்துவிட்டார்கள்

பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி வைத்திருக்கிறீர்களா? மழை பெய்தால் காலடியில் தண்ணீர் நிற்கிறதா? பட்டறையில் விடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு நடந்தது இன்னொருவருக்கு நடக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன். பட்டறையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இந்த வேலையை இதே மாதிரி செய்கிறவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்கள் செய்கிற விதம் தெரிந்தாலே உங்களால் தப்பித்துக்கொள்ள முடியும்.

என் வண்டிக்கு 25 வயது. சேஸிஸ் எனும் அடிச்சட்டம் தனி, பாடி தனி என்ற பழைய கட்டு. நிமிர்ந்து நிற்கும் முன் கண்ணாடி, அதைச் சுற்றி ரப்பர் பீடிங், கூரையின் இரண்டு ஓரத்திலும் மழைத்தண்ணீர் ஓட வாய்க்கால் மாதிரி ஒரு மடிப்பு. ஒரு பெருமழைக்கு மறுநாள் ஓட்டுநருக்குப் பக்கத்து சீட்டின் காலடியில் கார்பெட் நனைந்திருந்தது. அழுத்தினால் தண்ணீர் மேலே வந்தது. கூரையிலோ கண்ணாடியிலோ ஈரத்தின் சுவடே இல்லை.

பட்டறைக்குப் போனேன். அங்கிருந்தவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, கண்ணாடி ஓரத்தை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, "பீடிங் போயிடுச்சு சார். கண்ணாடி பீடிங், டோர் ரப்பர் எல்லாம் மாத்தி, ஃபுல்லா சீல் பண்ணிடலாம். இனி ஒரு சொட்டு வராது" என்றார். கார்பெட்டைத் தூக்கவில்லை. தண்ணீர் ஊற்றிப் பார்க்கவில்லை. வண்டி எப்படி நிறுத்தப்பட்டிருந்தது என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. நான் அப்போதே வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்திருக்க வேண்டும். அவர் பேசிய உறுதியில் நம்பிவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து வண்டியை எடுக்கப் போனபோது கதவைத் திறந்ததும் வினிகர் நெடி அடித்தது. கேட்டதற்குப் "புது ரப்பர் அப்படித்தான் இருக்கும்" என்றார்கள். அது ரப்பர் வாசனையே இல்லை. குளியலறையிலும் சமையல் மேடையிலும் பூசுகிற மலிவான சிலிக்கான் காயும்போது அசிட்டிக் அமிலம் வெளியேறும். அந்த நெடிதான் அது. வெறும் இரும்புத் தகட்டில் அந்தச் சிலிக்கானைப் பூசினால் தகட்டுக்கு நாமே துரு வைத்துக் கொடுத்த மாதிரி. இது எனக்கு அன்றைக்குத் தெரியாது. பழைய பீடிங்கைக் கேட்டேன். "குப்பையில போட்டாச்சு சார்" என்றார்கள். பில்லில் "முன் கண்ணாடி பீடிங் புதியது" என்று எழுதியிருந்தது. பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

சின்னத் தூறல்களுக்கு வண்டி தாங்கியது. அடுத்த பெருமழையில் முன்பைவிட மோசம். இந்த முறை ஓட்டுநர் காலடியிலும் தண்ணீர். இரண்டு நாள் கழித்து கதவுப் பூட்டுகள் தாமாகவே பூட்டித் திறக்க ஆரம்பித்தன. ஃபேன் போட்டால் ஈரக்காற்று வந்தது. காலடியின் பக்கவாட்டில் உள்ள பியூஸ் பெட்டியைத் திறந்தபோது முனைகளில் பச்சை பூத்திருந்தது. அன்றைக்கே பேட்டரியைக் கழற்றிப் போட்டுவிட்டு, சீட், கார்பெட் எல்லாவற்றையும் நானே பிரித்தேன்.

முதலில் பீடிங். கண்ணாடியின் கீழ் மூலையில் என் பழைய பீடிங்கில் நகம் அளவுக்கு ஒரு வெட்டு இருந்தது. வண்டி வாங்கியபோது எடுத்த படத்திலேயே அது தெரியும். பூசியிருந்த சிலிக்கானை உரித்தால் அதே மூலையில் அதே வெட்டு. மாற்றவே இல்லை. பழைய ரப்பருக்கு மேல் சிலிக்கானை இழுத்து, டயருக்குப் போடும் பாலிஷைத் தடவிப் பளபளப்பாக்கியிருக்கிறார்கள். கதவு ரப்பரை மாற்றியிருந்தார்கள், உண்மைதான். ஆனால் அது இந்த வண்டிக்கான வார்ப்பு இல்லை, மீட்டர் கணக்கில் விற்கும் பொது ரப்பர். தேவைக்கு மேல் தடிமன் என்பதால் கதவை அறைந்து சாத்த வேண்டியிருந்தது. ரப்பரின் இரண்டு முனையும் சேரும் இடம் கதவின் அடிப்பக்கம் வர வேண்டும். இவர்கள் அதை மேலே, தண்ணீர் நேராக விழும் இடத்தில் வைத்திருந்தார்கள்.

இதையெல்லாம்கூட ஏமாற்று வேலை என்று சொல்லி விட்டுவிடலாம். அடுத்து நான் பார்த்ததுதான் வண்டியையே கெடுத்தது.

பானட்டுக்கும் முன் கண்ணாடிக்கும் நடுவே, வைப்பருக்குக் கீழே, சல்லடை போட்ட ஒரு பள்ளம் இருக்குமே, அதற்குள் மழைத்தண்ணீர் இறங்குவது இயல்பு. இறங்கட்டும் என்றுதான் அப்படிச் செய்திருக்கிறார்கள். இரண்டு ஓரத்திலும் உள்ள வடிகால் வழியாக அது சக்கரத்துக்குப் பின்னால் தரையில் போய் விழும். வண்டிக்குள் காற்று எடுக்கும் வாயும் அதே பள்ளத்தில்தான் இருக்கிறது. தண்ணீர் ஏறக் கூடாதென்று அதைச் சுற்றிக் கொஞ்சம் உயரமாக ஒரு விளிம்பு வைத்திருப்பார்கள். இந்தப் பட்டறையில் தகட்டில் எங்கெல்லாம் ஓட்டை கண்டார்களோ அங்கெல்லாம் சிலிக்கானை அடித்திருக்கிறார்கள். அதில் இரண்டு வடிகாலும் அடைபட்டுவிட்டது. பெருமழையில் பள்ளம் தொட்டியாக நிரம்பி, விளிம்பைத் தாண்டி, ஃபேன் மோட்டார் வழியாக உள்ளே கொட்டியிருக்கிறது. தூறலுக்குத் தொட்டி நிரம்பாது. அதனால்தான் முதலில் சரியாகிவிட்டதைப் போலத் தெரிந்தது.

அதோடு முடியவில்லை. கார்பெட்டைத் தூக்கினால் தரைத் தகட்டில் டிரில் போட்ட இரண்டு ஓட்டைகள். உள்ளே வரும் தண்ணீர் கீழே இறங்கிவிடட்டும் என்று போட்டிருக்கிறார்கள். ஒரு சொட்டு வராது என்று சொன்னவர்களே வரும் தண்ணீருக்கு வழி வெட்டி வைத்திருக்கிறார்கள் என்பதைப் பார்த்தபோது எனக்கு வயிறு எரிந்தது. ஓட்டையின் விளிம்பில் பிரைமர்கூட இல்லை, துரு பிடித்திருந்தது. இது ஓடைக்குள் இறங்கிப் போகிற வண்டி. முழங்கால் ஆழத் தண்ணீரில் இறங்கினால் அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் மேலே வரும். தொழிற்சாலையிலேயே தரையில் வடிகால் துளை விட்டிருப்பார்கள், அதை ரப்பர் மூடியால் மூடியிருப்பார்கள். உள்ளே கழுவ வேண்டுமானால் மூடியைக் கழற்றினால் போதும். கார்பெட்டைத் தூக்கிப் பார்த்திருந்தால் அது அவர்கள் கண்ணிலும் பட்டிருக்கும்.

கார்பெட்டுக்கு அடியில் உள்ள பஞ்சு மெத்தையைக் கையால் பிழிந்தே ஒரு வாளி நிரப்பினேன். வண்டியை வெயிலில் நிறுத்திக் கதவைத் திறந்து வைத்தால் அது காயாது. மேலே காய்ந்த மாதிரி தெரியும், அடியில் வாரக்கணக்கில் ஈரம் நிற்கும், தரை உள்ளிருந்து துருப்பிடிக்கும். கழற்றி வெளியே எடுத்துக் காயப்போடுவதைத் தவிர வேறு வழி இல்லை. சீட்டுக்கு அடியில் ஏர்பேக் ஒயர் இருக்கும் வண்டியானால் பேட்டரியைக் கழற்றிக் கொஞ்ச நேரம் விட்டு, அதற்குப் பிறகே கனெக்டரில் கை வையுங்கள்.

அப்படியானால் முதலில் ஒழுகியது எங்கே? ஒரு நண்பரைக் கூப்பிட்டு ஒரு முழு நாள் உட்கார்ந்து தேடினேன். இந்த முறையை மட்டுமாவது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பட்டறைக்காரர் செய்யாவிட்டாலும் நீங்கள் செய்யலாம், செலவே இல்லை.

முதலில் அது மழைத்தண்ணீர்தானா என்று பார்க்க வேண்டும். மழையே இல்லாத நாளில் நனைந்தால், ஏசி தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கலாம். பிசுபிசுப்பும் இனிப்பு வாசனையும் இருந்தால், ஹீட்டரிலிருந்து கூலன்ட் கசிகிறது. அது விஷம், வாயில் வைத்துப் பார்க்காதீர்கள். இரண்டும் இல்லையென்றால் உள்ளே எல்லாவற்றையும் கழற்றி, நன்றாகத் துடைத்து, தகடு தெரியும்படி வைத்துக்கொண்டு ஒருவர் டார்ச்சுடன் உள்ளே உட்கார வேண்டும். வெளியே இருப்பவர் ஹோஸின் முனையைக் கழற்றிவிட்டு, அழுத்தம் இல்லாமல், தண்ணீர் தானாக வழிகிற மாதிரி விட வேண்டும். கீழேயிருந்து தொடங்குங்கள். முதலில் கதவின் அடி, பிறகு கண்ணாடியின் கீழ் விளிம்பு, பிறகு பக்கங்கள், கடைசியாகக் கூரை. ஒவ்வொரு இடத்திலும் பத்து நிமிடம். மேலேயிருந்து தொடங்கினால் தண்ணீர் வழிந்து எல்லா இடமும் நனைந்துவிடும், எது கசிகிறது என்று சொல்லவே முடியாது. வாட்டர் சர்வீஸ் பிரஷர் கன்னை எடுக்கவே கூடாது. அந்த அழுத்தத்தில் நல்ல ரப்பரையும் தாண்டித் தண்ணீர் உள்ளே போகும், பிறகு இல்லாத ஓட்டையைத் தேடிக்கொண்டிருப்போம்.

சமதளத்தில் ஒன்றும் வரவில்லை. அன்றைக்குப் பெருமழையில் வண்டி மூக்குத் தாழ்ந்து சரிவில் நின்றது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அதே மாதிரி சரிவில் நிறுத்தி, கடைசியில் கூரை ஓர வாய்க்காலில் தண்ணீர் விட்டதும் உள்ளேயிருந்து நண்பர் கத்தினார். முன் கண்ணாடியின் ஓரத்தில் கூரையைத் தாங்கி நிற்கும் தூணுக்குள்ளிருந்து தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. கூரைத் தகடும் பக்கத் தகடும் சேரும் இடத்தில், வாய்க்காலின் அடியில் பூசியிருந்த பழைய சீம் சீலர், அதாவது இணைப்பை அடைக்கும் பசை, காய்ந்து, முன் கதவுக்கு மேலே ஒரு விரல் நீளத்துக்கு மயிரிழையாக விரிந்திருந்தது. தண்ணீர் அதில் நுழைந்து, தூணுக்கு உள்ளேயே இறங்கி, கூரைத் துணியை நனைக்காமல் நேரே காலடிக்குப் போயிருக்கிறது.

ஏன் அங்கே விரிந்தது என்று யோசித்தால் தவறு என்னுடையதுதான். வாய்க்காலைப் பிடித்து நிற்கும் கேரியரை மாட்டி, அதில் தண்ணீர் கேனும் ஸ்பேர் சக்கரமும் ஏற்றி, கரடுமுரடான பாதையில் ஓட்டியிருக்கிறேன். சேஸிஸ் முறுக்கும்போது அந்தப் பாரமெல்லாம் கேரியரின் கால் நிற்கும் இடத்தில்தான் இழுக்கும். விரிசலும் சரியாக அந்தக் கால் நின்ற இடத்தில்தான் இருந்தது. கேரியர் வைத்திருப்பவர்கள் முதலில் அங்கே பாருங்கள்.

சரிசெய்வது பெரிய வித்தை இல்லை, ஆனால் பொறுமை வேண்டும். காய்ந்த சீலரைச் சுரண்டி எடுத்து, துருவைத் தகடு வெளுக்கும் வரை தேய்த்து, எபாக்ஸி பிரைமர் அடித்து, அதன் மேல் பாலியூரிதேன் சீம் சீலர், அது காய்ந்ததும் பெயின்ட். பாலியூரிதேன் சீலர் மேல் பெயின்ட் பிடிக்கும். சிலிக்கான் மேல் எந்தப் பெயின்ட்டும் பிடிக்காது. அதனால் முன் கண்ணாடிச் சட்டத்தில்தான் மாட்டிக்கொண்டேன். சிலிக்கான் கண்ணுக்குத் தெரியாத அளவு மிஞ்சினாலும் பெயின்ட் புள்ளி புள்ளியாக விலகி நிற்கும் என்று சொல்லிப் பெயின்டர் வேலையை எடுக்கவே மறுத்தார். முதலில் உப்புத்தாள் போட்டால் அது இன்னும் பரவிவிடும். பிளாஸ்டிக் சுரண்டியால் உரித்து, அதற்கென்றே விற்கும் கரைப்பானைத் துணியில் நனைத்துத் துடைத்து, துணியை மாற்றி மாற்றி நான்கு நாள் எடுத்தது. சிலிக்கான் மூடியிருந்த இடமெல்லாம் சில மாதத்திலேயே செந்துரு. வண்டி வாங்கியபோது அந்தச் சட்டம் சுத்தமாக இருந்தது. அதை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை.

பீடிங்கை இந்த முறை நான் பக்கத்தில் நின்று மாற்றவைத்தேன். புது பீடிங்கைக் கண்ணாடியில் மாட்டி, அதன் பள்ளத்தில் ஒரு கயிற்றைச் சுற்றி, சோப்புத் தண்ணீர் தடவிச் சட்டத்தில் பொருத்தி, உள்ளேயிருந்து கயிற்றை இழுத்தால் ரப்பரின் உதடு சட்டத்தைத் தாண்டி உட்காரும். சட்டம் மேடுபள்ளமாக இருந்தால் கண்ணாடி விரிசல் விடலாம். ஆகவே பீடிங் மாற்றினேன் என்று ஒருவர் சொன்னால், கண்ணாடியைக் கழற்றியபோது எடுத்த படத்தைக் கேளுங்கள். கண்ணாடி கழலாமல் அந்த ரப்பர் மாறவே முடியாது. வேலைக்கு விடும்போதே "பழைய சாமான் எனக்கு வேண்டும்" என்று எழுதி வாங்குங்கள், பழைய ரப்பரில் ஒரு மூலையில் பேனாவால் குறி போட்டுவையுங்கள்.

கதவின் உட்பக்கத்தை மூடியிருக்கும் திண்டைக் கழற்றும் எந்த வேலைக்கும், ஸ்பீக்கரோ பவர் விண்டோவோ, இன்னொரு எச்சரிக்கை. கண்ணாடியின் ஓரமாகக் கதவுக்குள் மழைத்தண்ணீர் இறங்குவது இயல்புதான். திண்டுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாள் அதைத் தடுத்துக் கதவின் அடித்துளைக்கு அனுப்புகிறது. அதைக் கிழித்துவிட்டுச் சும்மா மூடினால் தண்ணீர் உள்ளே வரும். பியூட்டைல் டேப் எனும் ரப்பர் பசை நாடா வைத்துத் திரும்ப ஒட்டச் சொல்லுங்கள்.

படங்களோடு பட்டறைக்குப் போனேன். மூலையில் இருந்த வெட்டைக் காட்டியதும் பீடிங்குக்கு வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். வடிகாலை அடைத்ததற்கும் தரையில் ஓட்டை போட்டதற்கும், "நீங்கதான சார் ஒழுகக் கூடாதுன்னு சொன்னீங்க" என்றார்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

அதன் பிறகு மூன்று பெருமழை பெய்துவிட்டது. ஒவ்வொரு முறையும் வேண்டுமென்றே மூக்கு தாழ நிறுத்தி, காலடியில் செய்தித்தாள் விரித்து வைத்தேன். தாள் நனையவில்லை. தரையில் போட்ட இரண்டு ஓட்டைக்கும் தகடு வெல்டிங் வைக்க வேண்டியிருக்கிறது, அதுவரை கார்பெட்டைப் போடப் போவதில்லை.