ரூம் ஈக்யூ விசார்ட்: ஸ்பீக்கரை அளந்து படிக்க ஓர் இலவச மென்பொருள்

மைக், ஸ்பீக்கர் இவற்றின் இயற்பியலைப் படிக்கும் யாரும் கணினியில் நிறுவிக்கொள்ள வேண்டியது ரூம் ஈக்யூ விசார்ட். ஜான் மல்கஹி உருவாக்கியது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். பெயரைப் பார்த்து அறையின் ஒலியைச் சரிசெய்ய மட்டும்தான் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு இதில் மிகவும் பிடித்தது இம்பீடன்ஸ் அளவீடு, அதாவது மாறும் மின்னோட்டத்துக்கு ஸ்பீக்கர் காட்டும் எதிர்ப்பை ஒவ்வோர் அதிர்வெண்ணிலும் அளப்பது.

அதற்கு மைக்கே வேண்டாம். இரண்டு உள்ளீடுகள் கொண்ட ஆடியோ இன்டர்ஃபேஸ், 100 ஓம் ரெசிஸ்டர், கொஞ்சம் ஒயர் போதும். ஹெட்ஃபோன் வெளியீட்டிலிருந்து ரெசிஸ்டர் வழியாக ஸ்பீக்கருக்கு சிக்னல் போகிறது. ரெசிஸ்டருக்கு முன்னும் பின்னும் உள்ள மின்னழுத்தங்களை ஒப்பிட்டு, மென்பொருள் வரைபடம் போட்டுத் தருகிறது. 8 ஓம் என்று அச்சடித்த என் ஊஃபர் (தாழ்ந்த ஒலிகளுக்கான ஸ்பீக்கர்), 45 ஹெர்ட்ஸ் பக்கம் 40 ஓமைத் தாண்டி நின்றது! ஒத்ததிர்வில், அதாவது ஸ்பீக்கரின் இயல்பான அதிர்வெண்ணில், கோன் (ஸ்பீக்கரின் கூம்பு) வேகமாக ஆடும்போது, காந்தப் புலத்துக்குள் அசையும் வாய்ஸ் காயில் (கோனோடு ஒட்டிய கம்பிச் சுருள்) தானே ஓர் எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்கி, உள்ளே வரும் மின்னோட்டத்தைக் குறைக்கிறது. சமன்பாடாகப் படித்தபோது பிடிபடாத விஷயம், அந்த மேட்டைப் பார்த்ததும் புரிந்துவிடும்.

அப்புறம் கோனில் எடை தெரிந்த களிமண்ணை ஒட்டி மறுபடி அளந்தால் மேடு இடப்பக்கம் நகர்கிறது. மூடிய பெட்டியில் பொருத்தினால் வலப்பக்கம் போகிறது. உள்ளே அடைபட்ட காற்று கூடுதல் சுருள்வில்லாக வேலை செய்கிறது. இந்த இடமாற்றத்தை வைத்தே தீல்-ஸ்மால் அளவுருக்களை, அதாவது ஸ்பீக்கரின் குணத்தைச் சொல்லும் எண்களை, மென்பொருள் கணக்கிட்டுத் தருகிறது. பெட்டி வடிவமைக்க அவைதான் அடிப்படை.

மைக் பக்கமும் நன்றாகவே இருக்கிறது. ஒரே ஸ்வீப்பில் (தாழ்ந்த அதிர்வெண்ணிலிருந்து உயர்ந்தது வரை ஏறும் ஒலி) அதிர்வெண் பதில், இம்பல்ஸ் (ஒரு நொடித் துடிப்புக்கு ஸ்பீக்கர் தரும் பதில்), ஹார்மோனிக் சிதைவு (மூல ஒலியில் இல்லாத மடங்கு அதிர்வெண்கள் சேர்வது) எல்லாம் கிடைத்துவிடும். ஆனால் மைக்கின் கேலிப்ரேஷன் கோப்பை (மைக்கின் சொந்தப் பிழைகளைத் திருத்தும் கோப்பு) ஏற்றாவிட்டால், ஸ்பீக்கரின் குணத்தோடு மைக்கின் குணமும் கலந்தே வரைபடத்தில் விழும். சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியை ஒதுக்க அளவீட்டில் கணக்கில் எடுக்கும் நேரத்தை (இதை ஜன்னல் என்பார்கள்) 5 மில்லிசெகண்டில் வெட்டினால், 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே வருவதை நம்ப முடியாது. இது மென்பொருளின் குறை இல்லை, நேரத்துக்கும் அதிர்வெண்ணுக்கும் உள்ள உறவே அப்படி.

குறை என்றால், திரை நிறைய பொத்தான்கள். புதிதாக வருபவர் திணறுவார். வரைபடத்தின் மேடுபள்ளங்களைச் சமப்படுத்தும் ஸ்மூத்திங் வசதியும் கொஞ்சம் ஆபத்தானது: 1/3 ஆக்டேவில் வைத்தால் சுமாரான ஸ்பீக்கரின் கோடும் அழகாகத் தெரியும். படிக்கும் காலத்தில் அதை அணைத்தே வைத்திருங்கள்.

ஸ்பீக்கரை இணைக்கும் முன் மதிப்பு தெரிந்த இன்னொரு ரெசிஸ்டரை அதே இடத்தில் வைத்து அளந்து பாருங்கள். 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 வரை கோடு நேராக வந்தால், உங்கள் இணைப்பு சரி.