ரோஜா மணத்துக்கு எது சரி: எசன்ஸா, பன்னீரா, பாட்டில் சிரப்பா, குல்கந்தா?

வெயில் ஏறினால் சென்னையில் ரோஸ் மில்க் பேச்சு தானாக வந்துவிடும், கூடவே ஒரு சண்டையும் வரும். ஒருவர் "எசன்ஸ் எல்லாம் கெமிக்கல், பன்னீர் ஊத்திச் செய்" என்பார். இன்னொருவர் "கடையில விக்கிற சிரப் போதும், எதுக்கு மெனக்கெடணும்" என்பார். நாட்டு மருந்துக் கடைப் பக்கம் அடிக்கடி போய்வருகிறவராக இருந்தால் சர்க்கரையில் ஊறின ரோஜா இதழான குல்கந்தைத் தவிர வேறு எதையும் ஏற்கமாட்டார். நான்கையும் வைத்துச் சமைத்தவரையில் எனக்குத் தோன்றுவது இதுதான், இவை ஒன்றுக்கு ஒன்று மாற்றாக வைக்கிற சரக்கே கிடையாது. ரோஜா ருசி என்று நாம் கேட்பதில் மணம் தனி, நிறம் தனி, இதழின் அந்த லேசான துவர்ப்பு தனி. மூன்றும் சேர்ந்து எந்த பாட்டிலிலும் வராது. அதனால் எது உசத்தி என்று கேட்பதைவிட எதில் போடப்போகிறோம் என்று கேட்டால் பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

ரோஸ் மில்க்கையே முதலில் எடுத்துக்கொள்ளலாம். மயிலாப்பூர் மாட வீதியில் காளத்தி கடை வாசலிலோ, கல்லூரி கேன்டீனிலோ நின்று குடித்து வளர்ந்த நாக்குக்கு ரோஸ் மில்க் என்றால் ஒரே ஒரு ருசிதான். காளத்தி கடையில் சிரப் எப்படிக் காய்ச்சுகிறார்கள் என்பது அவர்கள் சமாச்சாரம், ஆனால் வீட்டில் அந்த ருசியின் பக்கத்திலாவது போகவேண்டும் என்றால் எசன்ஸ்தான் வழி என்பது என் தீர்மானம். காரணம் எளிது. பால் குளிர்ந்து இருக்கும்போது மணம் மேலே எழும்பாது, போதாததற்கு பாலில் உள்ள கொழுப்பு வாசனையைத் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்ளும். அந்த இரண்டையும் தாண்டி மூக்குக்கு வர வேண்டுமென்றால் செறிவான சரக்கு வேண்டும். பன்னீர் அத்தனை செறிவு கிடையாது. ஒரு டம்ளர் பாலில் பன்னீர் வாசனை தெரியவேண்டும் என்று ஊற்றிக்கொண்டே போனால் பால் தண்ணியாகப் போய்விடும், வாசனையும் குடிக்கிற பொருளின் வாசனையாக இல்லாமல் கல்யாண மண்டப வாசல் வாசனையாக இருக்கும்.

"கெமிக்கல்" என்கிற புகாருக்கும் ஒரு வார்த்தை. ரோஜா மணத்தின் பெரும்பகுதி பினைல் எத்தில் ஆல்கஹால், சிட்ரோனெல்லால், ஜெரானியால் என்ற சில சேர்மங்கள்தான். எசன்ஸ் செய்கிறவர்கள் அவற்றைத் தொழிற்சாலையில் தயாரித்துக் கலக்கிறார்கள். பூவிலும் அவைதான் இருக்கின்றன, ஆனால் பூவில் அவற்றோடு பீட்டா டமாசினோன் மாதிரி மிகமிகச் சொற்ப அளவில் இருந்துகொண்டு மணத்தையே தூக்கிக் கொடுக்கிற சங்கதிகள் பலவும் உண்டு. மலிவான எசன்ஸ் தட்டையாக, ஒரே சுருதியில் மணப்பது இவை இல்லாததால்தான். அசல் ரோஜா எண்ணெய் ஒரு கிலோ எடுக்க 3,000 முதல் 5,000 கிலோ வரை பூ தேவைப்படும். மளிகைக் கடையில் கிடைக்கிற சின்ன பாட்டில் அந்தப் பூவிலிருந்து வந்திருக்க வாய்ப்பே இல்லை, அதற்காக அதை விஷம் என்று பயப்படவும் வேண்டாம்.

சிரப்புக்கு ஒரு கிலோ சர்க்கரை, அரை லிட்டர் தண்ணீர். கொதித்ததும் மேலே வரும் அழுக்கு நுரையை எடுத்துவிட்டு, விரலில் தொட்டால் பிசுபிசுக்கிற பதத்திலேயே இறக்கிவிட வேண்டும். கம்பிப் பதம் வரை போனால் ஃபிரிட்ஜில் சர்க்கரை மறுபடி படிகமாக உறைந்து பாட்டில் அடியில் கல்லாகிவிடும். சில சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் அந்தத் தொல்லை குறையும். நன்றாக ஆறின பிறகுதான் எசன்ஸ் சேர்க்க வேண்டும், ஒரு தேக்கரண்டியில் ஆரம்பித்து முகர்ந்து பார்த்துக் கூட்டிக்கொள்ளலாம். சூட்டில் விட்டால் அடுப்படி முழுக்க மணக்கும், டம்ளரில் ஒன்றும் இருக்காது. இந்த அளவுக்கு ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் மேல் சிரப் கிடைக்கும். டம்ளருக்கு 30 மில்லி ஊற்றினால் அதில் 25 கிராமுக்கு மேல் சர்க்கரை போகிறது என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், வீட்டில் சுகர் உள்ளவர்கள் இருந்தால் பாட்டிலை எட்டாத இடத்தில் வைப்பது நல்லது.

எசன்ஸ் பற்றி இவ்வளவு பேசினாலும், வீட்டு ரோஸ் மில்க் கடை ரோஸ் மில்க் மாதிரி வராததற்கு முக்கால்வாசிக் காரணம் பால்தான். ஆவின் நீலப் பாக்கெட்டில் கொழுப்பு 3 சதவீதம், பச்சையில் 4.5, ஆரஞ்சில் 6. நீலத்தில் செய்தால் சர்க்கரைத் தண்ணீர் குடித்த மாதிரி இருக்கும். ஆரஞ்சு ரொம்பக் கனம், நாக்கில் படலம் கட்டும், வாசனையும் அமுங்கும். பச்சைதான் சரியான இடம். தண்ணீர் விடாமல் காய்ச்சி, ஆடையை எடுத்துவிட்டு, ராத்திரி முழுக்கக் குளிரவைத்த பால். ஐஸ் கட்டி போடவே கூடாது, டம்ளரையும் சேர்த்துக் குளிரவைத்தால் ஐஸ் தேவையே இல்லை.

இப்போது நிறம். இங்கேதான் இயற்கை வழிக்காரர்கள் ஏமாறுகிறார்கள். இதழை அரைத்துப் பாலில் போட்டால் ரோஸ் நிறம் வரும் என்று நினைப்பார்கள். வராது. இதழில் இருக்கிற ஆந்தோசயனின் என்ற நிறமி புளிப்பில்தான் சிவப்பாக இருக்கும், பால் கிட்டத்தட்ட நடுநிலை, அதனால் பால் ஒருவிதமான சாம்பல் ஊதாவாக, பாத்திரம் கழுவின தண்ணீர் நிறத்துக்கு மாறிவிடும். எலுமிச்சை விட்டுச் சரிசெய்யப் போனால் பால் திரிந்துவிடும். கலர் பொடி வேண்டாம் என்றால் பீட்ரூட் ஒரு நல்ல வழி. துருவிப் பிழிந்த சாறு டம்ளருக்கு அரைத் தேக்கரண்டி போதும், ஆனால் ஆறின சிரப்பிலோ குளிர்ந்த பாலிலோதான் விடவேண்டும், கொதிக்கவிட்டால் நிறம் பழுப்பாகும், மண் வாசனையும் கூடும். அதைவிட நிறமே இல்லாமல் வெள்ளையாகக் குடித்துப் பாருங்கள் என்பேன். கண்ணை மூடிக்கொண்டு குடித்தால் வித்தியாசமே தெரியாது. ஆனால் வீட்டுக் குழந்தைகள் ஒத்துக்கொள்ளமாட்டார்கள், அது வேறு கதை.

கடை சிரப் எடுப்பவர்கள் லேபிளைப் படிக்கவேண்டும். ஐ.என்.எஸ் 122, 124 என்று போட்டிருந்தால் அவை அனுமதிக்கப்பட்ட சிவப்புச் சாயங்கள், அளவுக்கு வரம்பு உண்டு. லேபிளே இல்லாமல் கேனில் விற்கிற அடர்த்தியான சிவப்புச் சிரப்பைத்தான் நான் தொடுவதில்லை. 2024 பிப்ரவரியில் துணிக்குப் போடுகிற ரோடமின் பி சாயம் கலந்திருப்பதைக் கண்டுபிடித்துத் தமிழ்நாட்டில் பஞ்சுமிட்டாயையே தடை செய்தார்கள். கண்ணைப் பறிக்கிற பிங்க் நிறத்தைப் பார்த்தால் அந்த ஞாபகம் வராமல் இருக்காது.

ரூஹ் அஃப்ஸாவை ரோஸ் சிரப் கணக்கில் சேர்ப்பது அதற்கும் நியாயமில்லை, ரோஜாவுக்கும் நியாயமில்லை. நூறு வருடத்துக்கும் மேலாக வருகிற அந்த சர்பத் ஒரு யுனானி வைத்தியர் வெயிலுக்காகச் சேர்த்த கூட்டு, அதில் ரோஜாவோடு தாழம்பூவும் இன்னும் பலவும் கலந்திருக்கும். பாலில் ஊற்றினால் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அது ரோஸ் மில்க் இல்லை. அதற்கு உகந்த இடம் தண்ணீர். திருவல்லிக்கேணிப் பக்கம் நோன்பு திறக்கிற நேரத்தில் கொடுப்பது மாதிரி, குளிர்ந்த தண்ணீரில் கலந்து, தர்பூசணியைப் பொடியாக நறுக்கிப் போட்டு, எலுமிச்சை பிழிந்து, ஊறின சப்ஜா விதையை மேலே தூவினால், அதோடு போட்டி போட ரோஸ் எசன்ஸால் ஆகாது. தண்ணீரில் எசன்ஸ் சிரப்பைக் கலந்து குடித்தவர்களுக்குத் தெரியும், ஜுரத்துக்குக் கொடுக்கிற டானிக் மாதிரி இருக்கும்.

பன்னீருக்கு வருகிறேன். முதல் விஷயம், பூஜை சாமான் கடையில் கிடைக்கிற பன்னீர் பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள், பெரும்பாலும் வெளி உபயோகத்துக்கு மட்டும் என்று போட்டிருக்கும். அது மேலே தெளிக்க. சாப்பாட்டுக்கு உணவு உரிமம் எண் போட்ட பாட்டில்தான் வாங்கவேண்டும். இரண்டாவது, வீட்டிலேயே எடுப்பது ஒன்றும் கஷ்டமில்லை. இட்லிப் பானையில் இதழைப் போட்டு மூழ்கத் தண்ணீர் விட்டு, நடுவில் ஒரு ஸ்டாண்டின் மேல் சின்னக் கிண்ணம் வைத்து, மூடியைக் கவிழ்த்துப் போட்டு மூடி அதன் மேல் ஐஸ் கட்டி வைத்தால், ஆவி மூடியில் பட்டுக் குளிர்ந்து கிண்ணத்தில் சொட்டும். சிறு தீயில், முதலில் சொட்டுகிற அரை டம்ளர்தான் பன்னீர். அதற்கு மேல் ஆசைப்பட்டால் வெந்த இலை வாசனைதான் வரும். இதழைத் தண்ணீரில் கொதிக்கவைத்து வடிகட்டுவதைப் பன்னீர் என்று நிறைய பேர் சொல்கிறார்கள், அது கஷாயம்.

பன்னீர் எங்கே ஜெயிக்கிறது என்றால், சர்க்கரைப் பாகில். குலாப் ஜாமூன் பாகு, ரசமலாய், ஃபலூடாவில் சேமியாவை ஊறவைக்கிற தண்ணீர், இங்கெல்லாம் எசன்ஸ் ஒரு சொட்டு கூடினாலும் சோப்பு மாதிரி அடிக்கும், பன்னீர் பின்னால் நின்று மெதுவாக மணக்கும். ஜாமூன் பாகு கை பொறுக்கிற சூட்டுக்கு வந்த பிறகு ஒரு மேசைக்கரண்டி பன்னீர், ஏலக்காயைப் பாதியாகக் குறைத்து. ஏலக்காயும் ரோஜாவும் சம அளவில் இருந்தால் ரோஜா தோற்றுவிடும். பன்னீர் சோடாவையும் இந்தக் கட்சியில்தான் சேர்ப்பேன். கேஸ் குமிழி வாசனையை மேலே தூக்கிவிடுவதால் கொஞ்சம் மணமே போதும், இனிப்பும் ரோஸ் மில்க் அளவுக்குத் திகட்டாது. பிரியாணி சாப்பிட்ட பிறகு எது என்று கேட்டால் யோசிக்காமல் பன்னீர் சோடாதான்.

இதழின் ருசி வேண்டும் என்கிறவர்களுக்குக் குல்கந்துதான், அதற்குப் போட்டியே கிடையாது. ஆனால் பூ சரியான பூவாக இருக்கவேண்டும். ஓசூரிலிருந்து வருகிற நீளக் காம்பு ரோஜா பார்க்கத்தான் அழகு, மணம் பூஜ்யம். பன்னீர் ரோஜா வேண்டும். கோயம்பேட்டில் கூடை கூடையாகக் கிடைக்கும், ஆனால் மாலைக்கும் அர்ச்சனைக்கும் வளர்த்த பூவில் பூச்சி மருந்து தாராளமாக அடித்திருப்பார்கள், அதைச் சாப்பிட நான் சொல்லமாட்டேன். மொட்டை மாடித் தொட்டியில் இரண்டு செடி வைத்து, காலையில் பாதி விரிந்த பூவாகப் பறித்து, இதழின் அடியில் இருக்கிற வெள்ளைப் பகுதியைக் கிள்ளி எடுத்துவிட வேண்டும், கசப்பு அங்கேதான். கழுவினால் ஒரு துளி ஈரம் இல்லாமல் துணியில் உலர்த்தி, எடைக்கு எடை கல்கண்டுத் தூளோ சர்க்கரையோ போட்டு, கண்ணாடி பாட்டிலில் ஓர் அடுக்கு இதழ், ஓர் அடுக்கு சர்க்கரை என்று அமுக்கி, தினமும் வெயிலில் வைத்து எடுத்தால் மூன்று நான்கு வாரத்தில் இதழ் கரைந்து பாகோடு பாகாக இருக்கும். சித்திரை வெயிலால் நமக்கு ஆகிற உபகாரம் இது ஒன்றுதான். அவசரத்துக்கு அடுப்பில் கிளறி எடுக்கிற குல்கந்து ஜாம் மாதிரி இருக்கும், மணம் பாதி போயிருக்கும்.

கடையில் வாங்கினால் ஒரு ஸ்பூன் எடுத்துத் தட்டில் பரப்பிப் பாருங்கள். இதழின் நார் கண்ணுக்குத் தெரியவேண்டும், இனிப்பு அடங்கியதும் நாக்கில் துவர்ப்பு நிற்கவேண்டும். இரண்டும் இல்லையென்றால் சர்க்கரைப் பாகில் எசன்ஸ் கலந்த சரக்கு, அதற்கு எசன்ஸையே வாங்கிவிடலாம்.

குல்கந்தை ரோஸ் மில்க்கில் போடாதீர்கள், நிறம் பழுப்பு, நார் தொண்டையில் மாட்டும். பால் பாயசத்தில் இறக்கின பிறகு இரண்டு ஸ்பூன், சர்க்கரையை அந்த அளவுக்குக் குறைத்து, அருமையாக இருக்கும். கொழுக்கட்டைப் பூரணத்தில் தேங்காயோடு கலக்கலாம். என்னைக் கேட்டால் எல்லாவற்றையும்விடப் புளிக்காத கெட்டித் தயிரில்தான், துளி உப்பு, ஒரு ஸ்பூன் குல்கந்து, அடிக்காமல் சும்மா கலந்து. தயிரின் லேசான புளிப்பிலேயே இதழின் நிறமும் கொஞ்சம் திரும்பி வரும். காய்ந்த இதழ் என்று பாக்கெட்டில் விற்கிறார்களே, அது போட்டோ எடுக்கத்தான், மேலே தூவினால் பல்லிடுக்கில் காகிதம் மாதிரி மாட்டும்.

ரவா கேசரியில் மட்டும் இந்த நான்கில் எதையும் சேர்க்கவேண்டாம். நெய்யும் முந்திரியும் இருக்கிற இடத்தில் ரோஜாவுக்கு வேலை இல்லை.