வாட்ஸ்அப் குழுவா, சிக்னலா, மின்னஞ்சல் பட்டியலா: திருமண சமத்துவத்துக்கு ஆள் திரட்ட எது உதவும்?

திருமண சமத்துவத்துக்காக, அதாவது தன்பால் இணையரும் திருமணம் செய்துகொள்ளும் உரிமைக்காக, நாலு பேர் ஒன்றுசேர்ந்தால், முதல் நாளே யாராவது ஒரு வாட்ஸ்அப் குழுவைத் தொடங்கிவிடுவார்கள். தப்பில்லை. எல்லோர் போனிலும் இருக்கிறது, யாருக்கும் எதையும் சொல்லித்தர வேண்டாம். ஆனால் அந்தக் குழுவில் சேரும் ஒவ்வொருவரின் எண்ணும் மற்ற உறுப்பினர்களுக்குத் தெரியும். தன் தன்பால் ஈர்ப்பை வீட்டில் இன்னும் சொல்லாத ஒரு பெண் அதில் சேர்கிறாள், உறுப்பினர் பட்டியலைத் தள்ளிப் பார்க்கிறவர்களில் ஒருவர் அவளுடைய அண்ணனின் நண்பர் என்று வையுங்கள். அவள் ஒரு வார்த்தைகூட எழுதியிருக்க மாட்டாள், விஷயம் வீட்டுக்குப் போய்விடும். அதனால் எந்தக் கருவியைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது ஒன்றைத்தான். நம்மில் யாருக்கு ஆபத்து அதிகமோ, அவர் பயமில்லாமல் உள்ளே வர முடியுமா?

இந்தக் கேள்வியில் சிக்னல் என்ற செய்தி ஆப் தெளிவாக முந்துகிறது. 2024 முதல் அதில் பயனர்பெயர் வைத்துக்கொள்ளலாம், நம் எண்ணை ஏற்கெனவே சேமித்து வைத்திருக்காதவர்களுக்கு அது தெரியாது. செய்திகள் ஒரு வாரத்தில் தானாக அழியும்படி வைக்கலாம். சிக்கல் என்னவென்றால், புதிதாக ஒரு ஆப்பைப் போடச் சொன்னால் பாதிப் பேர் ‘அப்புறம் பார்க்கிறேன்’ என்பார்கள், அந்த அப்புறம் வரவே வராது. ஸ்கிரீன்ஷாட் எடுக்கிற கையை எந்த ஆப்பும் பிடித்து நிறுத்தாது, அதற்கு நம்பிக்கையான சின்னக் குழுதான் வழி. ஆகவே என் பரிந்துரை, திட்டமிடுகிற வேலையெல்லாம் சிக்னலில் நடக்கட்டும், வாட்ஸ்அப்பில் பொது அறிவிப்பு மட்டும் போகட்டும், அதிலும் பெயர் வெளியே தெரிந்தால் பரவாயில்லை என்று தாங்களே சொன்னவர்கள் மட்டும் இருக்கட்டும்.

டெலிகிராமில் ஒரே குழுவில் 2 லட்சம் பேர் வரை சேரலாம். ஆனால் அதன் குழு உரையாடல்களுக்கு, பேசுகிறவர்கள் மட்டுமே படிக்க முடிகிற முழுமையான மறையாக்கம் கிடையாது. அறிவிப்புச் சேனலுக்குச் சரி, அதற்கு மேல் வேண்டாம்.

அடுத்து ஃபேஸ்புக்கும் மின்னஞ்சல் பட்டியலும். 2013 மார்ச் 26 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் கலிஃபோர்னியாவின் தன்பால் திருமணத் தடை பற்றிய வழக்கு விசாரணைக்கு வந்தபோது, திருமண சமத்துவ ஆதரவின் அடையாளமாகச் சிவப்பு நிறச் சமக்குறி (=) ஃபேஸ்புக் எங்கும் பரவியது. முந்தைய செவ்வாயைவிட ஏறத்தாழ 27 லட்சம் பேர் கூடுதலாகச் சுயவிவரப் படத்தை மாற்றினார்கள் என்று ஃபேஸ்புக்கே கணக்குச் சொன்னது. இதை நான் லேசாக நினைக்கவில்லை. ஒளிந்து வாழ்கிற ஒரு பையன் தன் அத்தையின் படம் சிவப்பாக மாறியிருப்பதைப் பார்த்தால், அந்த வீட்டில் யாரிடம் முதலில் பேசலாம் என்று அவனுக்குத் தெரிந்துவிடும். ஆனால் மறுநாள் காலை அந்தப் படங்களை மாற்றியவர்களை ஒரு கூட்டத்துக்கு அழைக்க வேண்டுமென்றால் கையில் என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. மின்னஞ்சல் பட்டியல் பழைய சமாச்சாரம்தான், ஆனால் அது உங்கள் கோப்பில் இருக்கிறது, கணக்கு முடங்கினாலும் பட்டியல் போகாது.

வேகம் வேண்டுமென்றால் இணையத்தை மிஞ்ச ஆளில்லை. 2008 நவம்பர் 4 அன்று கலிஃபோர்னியாவில் எட்டாவது முன்மொழிவு மக்கள் வாக்கெடுப்பில் வென்று தன்பால் இணையரின் திருமண உரிமையைப் பறித்தது. சில நாட்களில் ஓர் இணையதளம் எழுந்தது, நவம்பர் 15 அன்று நாடு முழுக்கப் பல நகரங்களில் மக்கள் தெருவில் நின்றார்கள். ஆனால் அதற்குள் வாக்கெடுப்பு முடிந்திருந்தது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் கதை வேறு. 2009 வாக்கெடுப்பில் தோற்றவர்கள் வீடு வீடாகப் போய்ப் பேசினார்கள், 2012 வாக்கெடுப்பில் வென்றார்கள். அயர்லாந்தின் திருமண சமத்துவ வாக்கெடுப்பில் ‘வாக்களிக்க வீடு திரும்புவோம்’ என்ற ஹேஷ்டேக் பலித்ததற்கும் காரணம் இருப்பதாக நினைக்கிறேன். அது கேட்டது ஒரே ஒரு காரியம், அதற்கு ஒரு தேதியும் இருந்தது, 2015 மே 22. வெளிநாட்டில் இருந்தவர்கள் விமானம் ஏறி வந்தார்கள், ஆதரவு 62 சதவீதம்.

இணைய மனுவில் கையெழுத்து வாங்குவதும் இந்த அளவுகோலில்தான் நிற்க வேண்டும். கையெழுத்திட்டவரை மறுபடி தொடர்புகொள்ள முடிகிறதா, அவர் பெயர் எல்லோருக்கும் தெரிகிறதா என்று முதலில் பாருங்கள்.

இத்தனைக்கும் நடுவில் எனக்கு அதிகம் உதவுவது ஒரு சாதாரண கூகுள் ஷீட். ஒவ்வொரு உறுப்பினரையும் எந்தப் பெயரில் கூப்பிட வேண்டும், எந்த நேரத்தில் அழைக்கலாம், வீட்டில் யாருக்குத் தெரியும் என்று சில நெடுவரிசைகள். கடைசி நெடுவரிசை, போனை வேறு யாராவது எடுத்தால் என்ன சொல்வது. ‘புத்தகக் குழுவிலிருந்து பேசுகிறோம் என்று சொல்லுங்கள்’ என்று ஒருவர் அதில் எழுதிக்கொடுத்திருந்தார். அந்த ஷீட்டை மூன்று பேருக்கு மேல் திறக்கக் கூடாது. ‘இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம்’ என்ற அமைப்பை, முதல் பெயரை எழுதுவதற்கு முன்பே அணைத்துவிடுங்கள்.